போக இடமில்லாதவர்களுக்கு ஒரு வாடகை வீடு: ‘ஹோம் அகெய்ன்’ நிகழ்வு ஆய்வு

மனநல மருத்துவமனை வார்டுகளில் ஒரு வகை நோயாளிகள் உண்டு. நோய் எப்போதோ தணிந்துவிட்டிருக்கும். மாத்திரை நேரத்தை நர்ஸுக்கே ஞாபகப்படுத்துவார்கள். புதிதாக வந்தவருக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுப்பார்கள், பாயை உதறிப் போடுவார்கள். வெளியாள் பார்த்தால் வார்டு ஊழியர் என்றே நினைத்துக்கொள்வார். டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதத் தயார். கூட்டிக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை. சேர்க்கும்போது கொடுத்த விலாசத்துக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்திருக்கும். அம்மா இருந்தவரை வந்து பார்த்திருப்பார். அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில், பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், இப்போது வேண்டாம் என்றிருப்பார்கள். அந்த ‘இப்போது’ பல வருடங்களுக்கு நீண்டுவிடும்.

இது ஏதோ ஒன்றிரண்டு பேரின் கதை இல்லை. நாடு முழுவதும் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் தங்கியிருப்பவர்களைக் கணக்கெடுத்து 2019இல் ஒரு தேசிய அறிக்கை வெளியானது. ஓர் ஆண்டோ அதற்கு மேலோ உள்ளேயே இருப்பவர்கள் சுமார் 36 சதவீதம் என்றது அது. மூன்று கட்டில்களில் ஒன்று மருத்துவமனையின் வேலையைச் செய்யவில்லை, வீட்டின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் மருத்துவமனை மோசமான வீடு. அங்கே எழுகிற நேரம், சாப்பிடுகிற நேரம், விளக்கை அணைக்கிற நேரம் எல்லாமே வேறு யாரோ வைத்தது.

இந்த மனிதர்களுக்காகச் சென்னையில் ‘தி பேனியன்’ அமைப்பு உருவாக்கிய ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தைப் பற்றியது இந்த ஆய்வு. திட்டம் சொல்வதற்கு ரொம்ப எளிமையானது. நாலைந்து பேர் சேர்ந்து ஊருக்குள் ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுத்து வாழ்கிறார்கள், உதவிக்கு ஓர் ஆள் இருக்கிறார். இவ்வளவுதான். இவ்வளவு எளிமையான ஒன்று ஏன் இத்தனை காலம் எடுத்தது என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. இப்போதிருக்கும் வளாகத்துக்கு வந்தது 1871இல். 1,800 படுக்கைகள் கொண்ட அந்த இடத்தின் பெயர் தமிழில் ஒரு வசவாகவே ஆகிவிட்டது. “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்று சொல்லிச் சிரிக்காத பள்ளிக்கூடம் சென்னையில் இருக்காது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த, இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984இல் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். மருத்துவமனைச் சுவருக்கு வெளியே மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளிகளுக்கு மறுவாழ்வு தேடியது அது. சுவருக்குள் என்ன முடியும், என்ன முடியாது என்று தெரிந்த ஒருவர்தான் அதைச் செய்ய வந்தார் என்பதைக் கவனிக்கலாம்.

மருத்துவமனைக்குப் போகாதவர்கள், போய்ப் பலனில்லை என்று நினைத்தவர்கள், பணம் தீர்ந்துபோனவர்கள் எங்கே போனார்கள்? கோயிலுக்கும் தர்காவுக்கும் போனார்கள். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் பாதுஷா சுல்தான் இப்ராஹிம் ஷஹீத் தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. குடும்பம் மாதாமாதம் பணம் அனுப்பும், காப்பகம் ஆளைச் சங்கிலியில் வைத்திருக்கும். கனவில் உத்தரவு வந்தால் வீடு திரும்பலாம் என்பது நம்பிக்கை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அங்கே ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. இறந்தவர்கள் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஒரே வாரத்தில் அங்கிருந்த காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசுப் பொறுப்புக்கு வந்தார்கள்.

அந்தத் தீயை மூடநம்பிக்கையின் கணக்கில் எழுதி முடித்துக்கொண்டவர்கள் அதிகம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. அந்த குடும்பங்களில் பலர் டாக்டரையும் பார்த்து, மந்திரிச்சும் பார்த்து, நிலத்தை விற்று ஓய்ந்த பிறகு வந்தவர்கள். தர்கா அவர்களுக்கு ஒன்றைக் கொடுத்தது: ஆளை வைத்துக்கொள்ள ஓர் இடம். அரசிடம் அப்படி ஓர் இடம் இல்லை. மருத்துவமனை இருந்தது, மாத்திரை இருந்தது, தங்க இடம் இல்லை.

இதோடு ஒட்டிய ஓர் ஆய்வை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. தமிழகத்துக் கிராமம் ஒன்றில் முத்துசாமி கோயில் இருக்கிறது. மனநலம் பாதித்தவர்களை அங்கே கூட்டிவந்து தங்குவார்கள். 2000இல் பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் அங்கே போய், தங்க வந்த 31 பேரை, வந்த நாளிலும் கிளம்பும் நாளிலும், மருத்துவமனையில் பயன்படுத்தும் அதே அளவுகோலால் அளந்தார்கள். பெரும்பாலானோர் மனச்சிதைவு நோயாளிகள். சராசரியாக ஆறு வாரம் தங்கியிருந்தார்கள். பேயோட்டல், சங்கிலி எதுவும் கிடையாது. காலையில் பூஜை, பிறகு பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கூட ஒரு சொந்தக்காரர். அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளிவந்தபோது, சாமி குணப்படுத்தியது என்று யாரும் எழுதவில்லை. மிரட்டாத, விரட்டாத ஓர் இடமும் கையில் ஒரு சின்ன வேலையும் மனிதரை எவ்வளவு தூரம் இழுத்துவரும் என்பதே அங்கே தெரிந்தது. மாத்திரை தேவையில்லை என்ற முடிவுக்கு இதிலிருந்து தாவக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் கிடையாது. ஆனால் இடம் என்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி என்று சொல்ல இது போதும்.

சரி, பேனியனுக்கு வருவோம். 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் தொடங்கியது. அவர்கள் கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில் மனநலம் குலைந்த நிலையில் ஒரு பெண்ணைப் பார்த்து, எங்கே சேர்ப்பது என்று அலைந்து, எந்த இடமும் சரிவரவில்லை என்பதிலிருந்து வந்தது அது. தெருவில் திரிந்த பெண்களை அழைத்துவந்து, சிகிச்சை கொடுத்து, ஊர் பேர் கண்டுபிடித்து வீட்டில் கொண்டுபோய் விடுவது வேலை. முகப்பேரில் ‘அடைக்கலம்’ என்ற காப்பகம் உருவானது. ரயில் ஏறி எங்கிருந்தோ வந்தவர்கள், தமிழே தெரியாதவர்கள், எந்த மாநிலம் என்று அவர்கள் பாட்டை வைத்தும் சமையலை வைத்தும் ஊகிக்க வேண்டியவர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். நிறையப் பேர் வீடு திரும்பினார்கள். ஒரு பங்கு திரும்ப முடியவில்லை. சிலருக்கு வீடே நினைவில்லை. சிலருடைய வீட்டில் கதவு திறக்கவில்லை. வேறு சிலருக்கு, அந்த வீடுதான் முதலில் அவர்களைத் தெருவுக்குத் துரத்தியது.

நல்ல எண்ணத்தில் தொடங்கிய காப்பகமும் ஒரு கட்டத்தில் நிரம்பிவிடும். அதுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுகிற இடம். அன்பாக நடத்தினாலும் நூறு பேர் இருக்கும் கூடம் கூடமாகத்தான் இருக்கும். சாப்பாட்டுக்குத் தட்டோடு வரிசை, குளிக்க முறை, பூட்டிய வெளிக்கதவு. எந்த அமைப்பும் தன் காப்பகத்தைப் பற்றித் தானே இப்படி ஒத்துக்கொள்வது அரிது. கோவளம் பக்கம் கூட்டு வீடுகளை வைத்து முன்பே முயன்று பார்த்திருந்த அனுபவத்தோடு, 2015ஐ ஒட்டி, ‘கிராண்ட் சேலஞ்சஸ் கனடா’ என்ற அமைப்பின் நிதியுதவியுடன் ‘ஹோம் அகெய்ன்’ ஆரம்பித்தது.

நடைமுறை இப்படி. நெடுநாளாக உள்ளே இருப்பவரிடம், வெளியே வீட்டில் போய் இருக்க விருப்பமா என்று கேட்கிறார்கள். யாரோடு இருக்க விருப்பம் என்றும் கேட்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் பத்து வருடம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவரைவிட நெருக்கமான சொந்தம் அவருக்கு இருக்காது. நாலைந்து பேர் சேர்ந்ததும் வீடு தேடுகிறார்கள். கிராமத்திலோ நகரத்து ஓரத்திலோ, கடையும் பஸ் ஸ்டாப்பும் நடந்துபோகிற தூரத்தில், எல்லா வீட்டையும் போல ஒரு வீடு. வாசலில் காப்பகப் பலகையெல்லாம் வைத்தால் அங்கேயே திட்டம் தோற்றது. அது வீடு இல்லை, கிளை அலுவலகம்.

வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வாடகைக்கு வீடு தேடிய யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சாதி கேட்பார்கள், சைவமா அசைவமா என்பார்கள், கல்யாணமாகாதவர் என்றால் முகம் சுளிப்பார்கள். இதில் ‘மனநோய்’ என்ற வார்த்தை வேறு. மறைத்து எடுத்தால் ஒருநாள் தெரிந்து கலவரமாகும், சொன்னால் கதவு மூடும். தெருவில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டு நோயைப் பற்றி வகுப்பெடுப்பது இதற்கு வழி என்று பலரும் நினைக்கிறார்கள். என் பார்வையில், பக்கத்து வீட்டுக்காரரின் மனதை மாற்றுவது வகுப்பு இல்லை. மூன்று மாதம் எதுவும் நடக்காமல் இருப்பதுதான் மாற்றும். காலையில் கோலம், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பது, மளிகைக் கடையில் சில்லறை பாக்கி. அப்புறம் அந்த வீட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பதுதான் தேவையும்.

இந்த மாதிரியின் அச்சாணி, வீட்டில் உதவிக்கு இருக்கும் பர்சனல் அசிஸ்டென்ட். மனநல டிகிரி கிடையாது. பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துப் பெண்மணி. அவருக்குப் பயிற்சி உண்டு, மேலே கேஸ் மேனேஜர், நர்ஸ், மனநல மருத்துவர் உண்டு. ஆனால் நாள் முழுக்கக் கூட இருப்பது அவர்தான். அவருடைய வேலையில் கடினமான பகுதி, செய்யாமல் இருப்பது. ஒருவர் அரை மணி நேரமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார், கத்தியை வாங்கி இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். முடித்தால் மறுநாளும் அசிஸ்டென்ட்டே நறுக்க வேண்டும், அதற்கடுத்த நாளும். மெல்ல வீடு திரும்பவும் வார்டாகிவிடும். நெடுங்காலம் நிறுவனத்தில் இருந்தவர்கள் வீட்டுக்குள் வந்த புதிதில் தண்ணீர் குடிக்கவும் அனுமதி கேட்பார்கள், சமையலறைப் பக்கம் போகத் தயங்குவார்கள். நோயின் அறிகுறி என்று நினைத்துவிடுவோம். அதில் பெரும்பகுதி, இத்தனை வருடம் நாம் பழக்கிய பழக்கம்.

உதவி எல்லா வீட்டிலும் ஒரே அளவு இல்லை. சிலருக்கு இராப்பகலாக ஆள் வேண்டும். சிலருக்கு வாரத்தில் சில தடவை வந்து எட்டிப்பார்த்தால் போதும். மாத்திரை நிற்பதில்லை, மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு அதுவும் தொடர்கிறது. நோய் மறுபடி தலைதூக்கினால் மருத்துவமனைக்குப் போகலாம், ஆனால் வீட்டில் அவருடைய இடம் அப்படியே இருக்கும். பழைய ஏற்பாட்டில் மருத்துவமனைக்குப் போவதென்றால் இருந்த இடத்தை இழப்பது. இன்னொரு பக்கம் வயது. இந்த வீடுகளில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். பல ஆண்டுகள் மருந்து சாப்பிட்டதில் உடம்பு பருத்து, சர்க்கரை ஏறி, சிலருக்குக் கை நடுக்கம். ஆகவே கேஸ் மேனேஜரின் வாரத்தில் மனநலத்துக்கு இணையாகச் சர்க்கரையும் பிரஷரும் பல்வலியும் இடம்பிடிக்கின்றன. அதற்கடுத்து ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, மாற்றுத்திறனாளி சான்றிதழ். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. பாதிப்பு 40 சதவீதம் என்று மருத்துவர் எழுதினால்தான் பெரும்பாலான சலுகைகள். இதில் ஒரு விநோதச் சிக்கல்: நன்றாகத் தேறினால் சதவீதம் இறங்கும், உதவித்தொகைக்கு ஆபத்து.

சரி, பலன் இருந்ததா? நெடுங்காலத் தேவை உள்ள 113 பெண்களை வைத்து ஓர் ஒப்பீடு செய்தார்கள். 53 பேர் ‘ஹோம் அகெய்ன்’ வீடுகளில், 60 பேர் வழக்கமான பராமரிப்பில், 18 மாதக் கண்காணிப்பு. சமூகத்தோடு கலந்து வாழ்வதில் வீட்டுக்குப் போனவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். சீட்டுக் குலுக்கிப் பிரித்த இரண்டு குழுக்கள் இல்லை இவை, விரும்பியவர்கள் போனார்கள். போகத் துணிந்தவர்கள் ஏற்கனவே கொஞ்சம் தெம்பானவர்களாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழும். ஆனால் விருப்பம் கேட்பதே திட்டத்தின் உயிர் என்னும்போது, விருப்பம் கேட்காமல் குலுக்கிப் போடு என்று எப்படிச் சொல்வது? இந்த ஆய்வின் பலவீனத்தை நான் மன்னித்துவிடுகிறேன். முடிவுகளைக் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள்கிறேன்.

2021இல் உலக சுகாதார அமைப்பு, மனித உரிமையை மதிக்கும் சமூக மனநலச் சேவைகளுக்கு உலகெங்கிலும் இருந்து முன்மாதிரிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஆதரவுடன் வாழும் வீடுகள் என்ற பிரிவில் ‘ஹோம் அகெய்ன்’ இருந்தது. கேரளத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் திட்டம் பரவியது.

பரவும்போதுதான் கவலையும். அமைப்பு சின்னதாக இருக்கையில் ஒவ்வொரு வீட்டையும் தெரிந்தவர்கள் நடத்துகிறார்கள். டெண்டர் விட்டு வீட்டுக்கு இத்தனை ரூபாய் என்று அரசு கொடுக்க ஆரம்பித்தால், ஐந்து பேர் எட்டாவார்கள், எட்டு பன்னிரண்டாகும், வெளிக்கதவுக்குப் பூட்டு வரும், யாரோடு இருக்க விருப்பம் என்ற கேள்வி படிவத்தில் ஒரு கட்டமாகிவிடும். பெரிய காப்பகத்தைக் கலைத்துப் பத்துச் சின்னக் காப்பகம் கட்டிய கதையாகும். அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேரெதிரான தவறு. பெரிய மருத்துவமனைகளைக் காலி செய்தார்கள், வெளியே வீடும் ஆளும் போதுமான அளவுக்கு வரவில்லை, ஏராளமானோர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். பூட்டைத் திறப்பது மட்டும் சேவையாகாது.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். நம் மனநல நிதி டாக்டருக்கும் மருந்துக்கும் கட்டிலுக்கும் செலவாகும்படி கட்டப்பட்டது. 1982இல் தேசிய மனநலத் திட்டம், 1996இல் மாவட்ட மனநலத் திட்டம், எல்லாவற்றுக்கும் மையம் கிளினிக். பர்சனல் அசிஸ்டென்ட்டுக்கு அந்தப் பட்டியலில் பெயரே கிடையாது. வீட்டு வாடகைக்குச் செலவுத் தலைப்பு கிடையாது. பெரும்பாலும் தன்னார்வ அமைப்பின் நன்கொடையில்தான் இவை ஓடுகின்றன. அந்தப் பெண்மணிக்குச் சம்பளம் எவ்வளவு, லீவு உண்டா, அவர் களைத்துப்போனால் யார் என்ற கேள்விகள் இந்த மாதிரியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும். மருத்துவ முடிவுகளைவிட அதிகமாகவே தீர்மானிக்கும்.

இதுவரை சொன்னது வீடு இல்லாதவர்களின் கதை. ஆனால் தமிழ்நாட்டில் தீவிர மனநோய் உள்ள பெரும்பாலானோர் வீட்டில்தான் இருக்கிறார்கள், அம்மா அப்பாவோடு. எழுபது வயதுப் பெற்றோர் எந்த மருத்துவரைப் பார்த்தாலும் கேட்கும் ஒரே கேள்வி, “எங்களுக்கப்புறம் யாரு பார்த்துப்பா?” இவர்களுக்காகப் பரிசோதித்த மாதிரி வேறு. ‘கோப்ஸி’ என்ற ஆய்வில், தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் 282 மனச்சிதைவு நோயாளிகளைப் பிரித்து, ஒரு குழுவினரின் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள் போய்வந்தார்கள். மாத்திரை, வேலை, குடும்பத்தின் மனச்சுமை என எல்லாம் பேசினார்கள். 2014இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: பலன் உண்டு, ஆனால் மிதமானது. தமிழ்நாட்டுப் பகுதியில்தான் நன்றாக எடுபட்டது. வெற்றி என்று கொட்டு முழக்க முடியாது, ஆனால் கிளினிக் எட்டாத ஊரில் இந்த மிதமான பலனே பெரியது. அந்தப் பெற்றோரின் கேள்விக்கு இதுவும் பதில் இல்லை. பெற்றோர் இறந்த மறுவாரம் தேவைப்படுவது திரும்பவும் அதே வீடும் அதே ஆளும். ‘ஹோம் அகெய்ன்’ போன்ற வீட்டுக்கு வர ஒருவர் முதலில் தெருவுக்குப் போயிருக்க வேண்டும் என்ற நிலைமை அபத்தமானது, ஆனால் இன்றைய நிலைமை பெரும்பாலும் அதுதான்.

சட்டம் இதைவிட முன்னால் போய் நிற்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ வீடில்லை என்பதற்காகவோ வெளியே வசதி இல்லை என்பதற்காகவோ யாரையும் மனநல நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்கிறது. இடைநிலை இல்லங்களும் ஆதரவு வீடுகளும் அரசின் பொறுப்பு என்கிறது. சங்கிலியில் கட்டுவது தடை. படித்தால் வழக்கே முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். ‘நியாயமான காலத்துக்குள்’ செய்ய வேண்டும் என்று ஒரு சொற்றொடர் மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் ஒரு விஷயம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது: வாடகைப் பத்திரம். 1992இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘பாத்வேஸ் டு ஹவுசிங்’ திட்டம், தெருவில் இருந்த மனநோயாளிக்கு முதலில் வீட்டைக் கொடுத்தது, பிறகுதான் சிகிச்சை பற்றிப் பேசியது. அங்கே ஒப்பந்தம் குடியிருப்பவர் பெயரில், தன் வருமானத்தில் 30 சதவீதம் அவர் வாடகைக்குக் கொடுப்பார். சேவையோடு சண்டை போட்டாலும் வீடு அவருடையது. நம் ஊர் ஓனர் அமைப்பின் பெயரையும் அட்வான்ஸையும் நம்பித்தான் சாவியைத் தருகிறார், ஆகையால் பத்திரம் அமைப்பின் கையில். இருபது வருடம் வார்டில் இருந்த ஒரு பெண்ணின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு சாவி கொடுக்க ஓர் ஓனர் தயாராகிற வரைக்கும் அது அப்படித்தான் இருக்கும்.